அருள்ராணி டீச்சரின் பாசிக் குடில்

அருள்ராணி டீச்சருக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு தப்புகூட நேர்ந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். ஆவூர் பக்கத்தில் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் அவர் தாவரவியல், நான் கணக்கு. ஸ்டாஃப் ரூமில் பதினாறு வருஷம் எதிரெதிர் மேஜை. அவர் ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை, ஏனென்றால் குடியிருப்பதும் ஒரே தெரு.

பள்ளி சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மரம் நிற்கிறது. அதற்கு ‘இலுப்பை’ என்று போர்டு எழுதி மாட்டச் சொன்னவர் டீச்சர்தான். மரம் நடும் விழாவுக்கு வந்த வனத்துறை அதிகாரி ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது மகிழ மரமாச்சே” என்றார். டீச்சர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

“அதத்தான் சார் நானும் பெயின்டர்ட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றார்.

மறுநாள் போர்டு மாறிவிட்டது. டீச்சர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் ‘இலுப்பை’ என்றுதான் இருந்தது என்று அந்தப் பெயின்டர் கொஞ்ச நாள் புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு பெயின்டர் சொல்வதை யார் நம்புவார்கள்? அதன் பிறகு அவர் எங்கள் பள்ளிப் பக்கம் வரவே இல்லை.

பதினோராம் வகுப்பில் டீச்சருக்கு மிகவும் பிடித்த பாடம் ஸ்பேக்னம். அது ஒரு பாசி. குளிர்ந்த மலைச் சதுப்பில் மெத்தை மாதிரி வளரும். மேலே உயிரோடு இருக்கும், அடியில் செத்துக்கொண்டே போகும். செத்த பாகமும் மக்காமல் கிடந்து, ஆயிரக்கணக்கான வருஷத்தில் எரிபொருளாகிவிடும். அது தன் எடையைப் போல் எத்தனை மடங்கு தண்ணீரை உறிஞ்சும் என்பது ஒரு மார்க் கேள்வி. “இருபது மடங்கு!” என்று பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துவார்கள். பக்கத்து வகுப்பில் நான் வட்டத்தின் சமன்பாடு நடத்திக்கொண்டிருப்பேன். வருஷா வருஷம் கேட்டதில் எனக்கும் மனப்பாடம்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. டீச்சர் தம் வாழ்நாளில் ஸ்பேக்னத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஜில்லாவில் செம்மண்ணும் முந்திரியும் சீமைக் கருவேலமும் உண்டு. சித்திரை வெயிலில் கண்மாயே இருக்கிற இடம் தெரியாது, இதில் பாசிக்கு எங்கே போவது? படம் மட்டும் போர்டில் பிரமாதமாக வரைவார்.

போன வருஷத்துக்கு முந்தின ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருமயம் போயிருந்தோம். எங்கள் பழைய மாணவன் அரவிந்த்குமார் அங்கே நர்சரி வைத்திருக்கிறான். வழியில் அவன் எங்களைப் பிடித்து நர்சரிக்கு இழுத்துப்போனான். உள்ளே கொய்யாக் கிளைகளில் பதியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளையில் மோதிரம் மாதிரி பட்டையைச் சீவி, அந்த இடத்தில் ஈரமான ஏதோ ஒன்றைப் பொத்தி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்ட வேண்டும். ஒன்றரை மாதத்தில் உள்ளே வேர் விட்டுவிடும். அந்த ஈரமான பொருள் ஒரு சாக்கில் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. டீச்சர் அதில் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

“இது என்னப்பா, தேங்கா நாரா?”

“டீச்சர்! ஸ்பேக்னம் டீச்சர். நீங்கதான நடத்துனீங்க?”

நான் வானத்தைப் பார்த்தேன்.

“தெரியும்டா. ஒனக்கு ஞாபகம் இருக்கான்னு சோதிச்சேன்” என்றார் டீச்சர்.

அரவிந்த்குமார் நல்ல பிள்ளை, அதையும் நம்பினான். மலைக்காட்டில் பிடுங்கினால் வனத்துறை பிடித்துக்கொள்ளும் என்றும், இது கப்பலில் வருகிற வெளிநாட்டுச் சரக்கு என்றும், ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இதைத்தான் தொட்டியில் போடுகிறார்கள் என்றும் விளக்கினான். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சிப்பாய்களின் காயத்துக்கு இதைத்தான் வைத்துக் கட்டினார்கள் என்று டீச்சர் பதிலுக்குப் போட்டார். வடக்கே குளிர் நாடுகளில் குழந்தைகளுக்கு இடுப்புத் துணிக்குள் இதை வைப்பார்களாம். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஆறிப்போனதுதான் எங்களுக்கு மிச்சம்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. டிசம்பர் வந்தது.

எங்கள் மாதா கோயில் பங்கில் ஐந்து அன்பியங்கள். தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பதற்காக ஏற்படுத்தியவை. ஜெபம் நடக்கிறதோ இல்லையோ, கிறிஸ்துமஸ் குடில் போட்டி நிச்சயம் நடக்கும். முதல் மூன்று அன்பியங்களுக்குப் பரிசு, மீதி இரண்டுக்கு ஆறுதல் பரிசு. எங்கள் அந்தோணியார் அன்பியம் ஏழு வருஷமாகத் தொடர்ந்து ஆறுதல் அடைந்து வந்தது. அந்த வருஷம் அன்பியத் தலைவி பதவிக்கு டீச்சர் வந்தார்.

குடிலில் புல்வெளிக்கு எல்லாரும் தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போடுவார்கள். டீச்சர் முதல் கூட்டத்திலேயே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

“பெத்லகேம்ல கேவுரு எங்கிட்டு வந்துச்சு? நாம ஸ்பேக்னம் வைக்கிறோம்.”

பெத்லகேமில் ஸ்பேக்னம் மட்டும் கொட்டிக் கிடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேரின் பிள்ளைகள் படித்தவர்கள்.

அரவிந்த்குமாரிடமிருந்து மூன்று கட்டிகள் பஸ்ஸில் வந்தன. கட்டி ஒன்று நாலு கிலோ. அழுத்திக் கட்டிய செங்கல் மாதிரி இருந்ததைப் பிரித்து உதிர்த்ததும், குடில் வைக்கிற எங்கள் தெருச் சாவடிக் கூடம் முழுக்க நிறைந்துவிட்டது. பத்தடிக்கு ஆறடியில் இடுப்புயர மேடை ஒன்று தேவைப்பட்டது. அதற்கு ராசுவைக் கூப்பிட்டோம்.

ராசு பந்தல்காரன். பக்கத்து ஊர். அங்கே மாரியம்மன் கோயில் பந்தலும் அவன்தான், எங்கள் மாதா கோயில் கொடியேற்றப் பந்தலும் அவன்தான். புயலடித்த வருஷம் ஊரில் பாதி ஓடு பறந்தபோதும் அவன் கட்டிய பந்தல் அப்படியே நின்றது. அதிகம் பேச மாட்டான். வந்தவன் தரையை மிதித்துப் பார்த்தான், அளவு எடுத்தான், கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டான்.

“எம்புட்டு வெயிட்டு டீச்சர் ஏறும்?”

“பஞ்சு மாதிரி இருக்கும் ராசு. பத்துப் பன்னெண்டு கிலோ. அது போக சொரூபங்க.”

“அப்ப நூறு தாங்குற மாதிரி கட்டிர்றேன்” என்றான் ராசு.

நான் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். சவுக்குக் கம்பு கால், குறுக்கே மூங்கில், தேங்காய்நார்க் கயிற்றில் கட்டு. ஒரே பகலில் மேடை தயார். மேலே தார்ப்பாய் விரித்து, பாசியைப் பரப்பி, மாதாவையும் சூசையப்பரையும் நிறுத்தினோம். பாலன் இயேசுவை மட்டும் பிறப்புப் பூசைக்கு அப்புறம்தான் வைப்பது வழக்கம்.

பாசி வைக்கோல் நிறத்திலேயே இருந்தது. புல்வெளி என்று சொன்னால் வைக்கோல்போர்தான் ஞாபகம் வந்தது. சவேரியார் அன்பியத்தில் கேழ்வரகு பச்சைப் பசேலென்று தலையாட்டிக்கொண்டிருந்தது வேறு. டீச்சர் கலங்கவில்லை.

“உசுரு உள்ள இருக்கு. தண்ணி குடுத்தா ரெண்டே நாள்ல பச்ச திரும்பிரும்” என்றார்.

கப்பலில் கடல் தாண்டி, சாக்கில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பாசிக்கு உயிர் எங்கே இருந்தது என்று தாவரவியல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தோம். காலையில் பூசைக்குப் போகிறவர்கள் ஒரு குவளை, பால் வாங்கப் போகிறவர்கள் ஒரு குவளை. ஊற்ற ஊற்ற உள்ளே போனது. கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை. அற்புதம் என்று எங்கள் அன்பியத்துச் செவந்தியக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வகுப்பிலிருந்து பதினாறு வருஷம் ‘இருபது மடங்கு’ கேட்டவன், அதுவும் கணக்கு வாத்தியார், தினம் காலையும் மாலையும் இரண்டு குவளை ஊற்றினேன். நாலு நாளில் லேசாகப் பச்சை மாதிரி ஒன்று தெரிந்தது. தெரிந்ததாக எல்லாரும் ஒப்புக்கொண்டோம்.

இருபத்துநாலாம் தேதி சாயந்தரம் நாலு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். வேறு பங்கிலிருந்து ஒரு ஃபாதர், கான்வென்ட்டிலிருந்து இரண்டு சிஸ்டர்கள், கூடவே எங்கள் பங்குப் பேரவைச் செயலர் சவரிமுத்து. டீச்சர் பட்டுச்சேலையில் நின்று மலைச் சதுப்பு, உலகப் போர், இடுப்புத் துணி எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஃபாதர் உண்மையிலேயே அசந்துபோனார்.

“இவ்வளவு தண்ணி ஊத்துறோம்ங்கறீங்க, கீழ சொட்டவே இல்லையே?”

“ஒரு சொட்டு விழாது ஃபாதர்” என்றார் டீச்சர். சொன்னதை நிரூபிக்க, அங்கே இருந்த ஒரு குடம் தண்ணீரையும் தூக்கி அப்படியே கவிழ்த்தார்.

சொன்னபடி ஒரு சொட்டும் விழவில்லை. குடில்தான் விழுந்தது.

முதலில் மூங்கில் ஒன்று பட்டென்று முறிந்தது. மேடை ஒரு பக்கம் சாய்ந்து, மொத்தப் பெத்லகேமும் சரிந்து, ஃபாதரின் காலடியில் வந்து இறங்கியது. சூசையப்பருக்குத் தலை போயிற்று. ஒட்டகத்துக்குக் கால் இல்லை. பாலன் இயேசு இன்னும் பிறக்காததால் தப்பினார். ஆள் யாருக்கும் அடியில்லை என்பது கடவுள் செயல், அந்த நாலு நாளில் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

“யாருய்யா மேட கட்டுனது?” என்றார் சவரிமுத்து.

“ராசு” என்று நாலு குரல் வந்தது.

டீச்சர் காலிக் குடத்தோடு நின்றார். நான் என் கையிலிருந்த குவளையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

பாசியை அள்ளிச் சாவடிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குவித்து, அதே தார்ப்பாயைப் போட்டு மூடினோம். போட்டியில் ஆறுதல் பரிசும் இல்லை. அது போகட்டும். ராசுவின் கதைதான் அப்புறம் மோசமானது. ஈஸ்டருக்கு எங்கள் ஊரில் இயேசுவின் பாடுகளைச் சொல்கிற பாஸ்கா நாடகம் நடக்கும். அதற்குப் பெரிய மேடை, ஒரே நேரத்தில் நாற்பது பேர் ஏறி நிற்பார்கள். வருஷா வருஷம் ராசுதான் போடுவான். “சொரூபத்தையே தாங்காத மேட போட்டவன் மனுசனத் தாங்க வைப்பானா?” என்று சவரிமுத்து டீக்கடையில் கேட்டார். கேள்வி நன்றாக இருந்ததால் ஊர் முழுக்கச் சுற்றியது. ஒரே வாரத்தில் மாரியம்மன் கோயில்காரர்களும் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டும் போனால் அவனுக்குச் சித்திரை வரை கையில் வேலையே கிடையாது. பந்தல்காரனுக்குப் பேர் போனால் பிறகு எதைக் காட்டி வேலை கேட்பது?

இருபத்தேழாம் தேதி டீக்கடையில் ராசுவைப் பார்த்தேன். கையில் அந்த முறிந்த மூங்கில் துண்டு.

“எல்லாக் கட்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன் சார். எது விட்டுச்சுன்னே தெரியல. தூக்கமே வரல.”

“மூங்கில் பழசா இருந்திருக்கும்ப்பா” என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு டீ குடிக்காமலே போய்விட்டான்.

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மூன்று நாளாகப் பூசைக்கும் வரவில்லை. சமையல் மேடையில், மகள் ஜெனிபர் கேக் செய்ய வாங்கி வைத்திருந்த சின்னத் தராசு. பக்கத்தில் காய்ந்த பாசி ஒரு பிடி, நனைந்த பாசி ஒரு பிடி.

“காஞ்சது பத்து கிராம். நனைச்சதும் எரநூத்திப் பத்து” என்றார் டீச்சர். “நீங்கதான கணக்கு. பன்னெண்டு கிலோவுக்குப் போடுங்க.”

போட்டேன். இருநூற்று ஐம்பத்திரண்டு கிலோ. நாலு ஆளைப் படுக்க வைத்த மாதிரி. நூறு கிலோவுக்குக் கட்டிய மேடை அவ்வளவு நேரம் நின்றதுதான் ஆச்சரியம்.

“ராசு கேட்டான்ல, எம்புட்டு வெயிட்டுன்னு?”

“கேட்டான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“பத்துப் பன்னெண்டு கிலோன்னீங்க.”

டீச்சர் நனைந்த பிடியை மறுபடியும் தராசில் வைத்தார். முப்பத்தோரு வருஷம் ஊரையே கத்த வைத்த விடை தன் கையில் இருந்தும், அது தன் குடிலுக்கும் பொருந்தும் என்று தோன்றாமல் போய்விட்டதே என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? மகிழ மரத்துப் பெயின்டரை நினைத்துக்கொண்டேன்.

“விடுங்க டீச்சர். இனிமே சொல்லி என்ன ஆகப்போகுது? ராசுக்கு வேற எங்கிட்டாச்சும் வேல கெடைக்கும்” என்றேன்.

“கெடைக்குமா?” என்றார்.

எனக்கு என்ன தெரியும்? காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம். பாஸ்கா மேடையை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. டீச்சர் எழுந்தார். ஒப்புதல் வாக்குமூலம் என்றால் ஒரு வரியில் முடியும். டீச்சருக்கு அப்படி வராது. பாசியின் இலையில் இருக்கும் வெற்றுச் செல்களிலிருந்து தொடங்கி, அவை எப்படித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். முடிவில்தான் விஷயத்துக்கு வந்தார்.

“ராசு சரியாத்தான் கேட்டான். நான்தான் தப்பாச் சொன்னேன். தப்பு என் மேல.”

பிறகு என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள்.

“டீச்சரோட பெரிய மனசு யாருக்கு வரும்?” என்றார் சவரிமுத்து. “ஒரு ஏழைக்காகப் பழியத் தன் தலைல போட்டுக்கிறாங்க பாருங்க.”

அருள்ராணி டீச்சராவது, தப்புப் பண்ணுவதாவது! முப்பத்தோரு வருஷமாக அவர் பாடுபட்டுச் சேர்த்த பெயர் அன்றைக்கு ஒரு மனிதனின் கழுத்தை இறுக்கியது. பாஸ்கா மேடைக்கு மாத்தூர்காரர் ஒருவரைப் பார்க்கலாம் என்று சவரிமுத்து தாளில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

டீச்சர் அந்தத் தாளைப் பிடுங்கினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

“எந்திரிங்க எல்லாரும். சாவடிக்கு வாங்க.”

எடைபோட, பழைய இரும்பு வாங்குகிற ஆத்மநாதனின் பிளாட்பாரத் தராசு வந்தது. ராசுவும் அங்கேதான் இருந்தான். தன் கம்புகளை எடுத்துப்போக வண்டியோடு வந்திருந்தான். டீச்சர் தார்ப்பாயை இழுத்தார். மேலே கொஞ்சம் காய்ந்திருந்தது, கையை விட்டால் உள்ளே சில்லென்ற ஈரம். ஒரு கெட்ட வாடை இல்லை, அழுகல் இல்லை. பத்து நாள் கழித்தும் குடித்ததைக் குடித்தபடியே கிடந்தது. பேரவை உறுப்பினர்களையே சாக்கில் அள்ளச் சொன்னார் டீச்சர். சவரிமுத்து தும்பைப்பூ வேட்டியோடு ஒரு சாக்கைத் தூக்கினார், தூக்க முடியாமல் மடியில் சாய்த்துக்கொண்டார், இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்தார். எட்டுச் சாக்கு. ஆத்மநாதன் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னார். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ.

“இது காஞ்சது போக மிச்சம்” என்றார் டீச்சர். “அன்னைக்கு இருநூத்தம்பது. நான் பன்னெண்டுன்னு சொன்னேன். இப்பவாச்சும் நம்புறீங்களா, நான்தான் முட்டாளுன்னு?”

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எங்கள் பங்கு ஃபாதர், மேடை ராசுவுக்கே என்றார். தனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சவரிமுத்து வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார். டீச்சர் நேரே ராசுவிடம் போனார். அத்தனை பேர் முன்னால் கைகூப்பினார்.

“மன்னிச்சிரு ராசு. ஒன் கட்டு எதுவும் விடலப்பா.”

ராசு பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினான். “ஐயோ, என்ன டீச்சர் நீங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. டீச்சரும் அழுதார். முதல்முறையாக அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை வந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் கம்புகளை வண்டியில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனை. ராசு தன் முனையை ஏற்றிவிட்டு, கயிற்றை இறுக்கிக்கொண்டே, முகம் பார்க்காமல் கேட்டான்.

“நான் வெயிட்டு கேட்டப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க சார்?”

“ஆமாப்பா.”

“அப்புறம் ஏன் சார் மூங்கில் பழசுன்னு சொன்னீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். தப்பை ஒத்துக்கொள்ள அருள்ராணி டீச்சருக்குப் பத்து நாள் பிடித்தது. எனக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதுவும் அவரைக் கேலி செய்கிற சாக்கில்தான் எழுத முடிந்திருக்கிறது.